கல்லூரிக் கணக்கைப் பெற்றோருக்குக் காட்டுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே தக்கலை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் மின்கம்பங்களிலும் கல்லூரி விளம்பரங்கள் ஏறிவிடுகின்றன. சிரித்த முகத்தோடு ஒரு மாணவர். பக்கத்தில் அவருக்குக் கிடைத்த சம்பளம், லட்சக் கணக்கில். அவரோடு அதே வகுப்பில் படித்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்த ஃபிளெக்ஸும் சொல்வதில்லை. நம் பிள்ளை அந்த மற்றவர்களில் ஒருவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

படிப்பின் அருமையை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடத்தில் இருந்தது கன்னியாகுமரி. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய ஆய்வுப்படி நாடு முழுவதும் 28.4, தமிழகத்தில் 47. கல்லூரிக்கு அனுப்பலாமா என்று இங்கே யாரும் யோசிப்பதில்லை. எங்கே அனுப்புவது, என்ன செலவாகும், மூன்று நான்கு ஆண்டு கழித்துப் பிள்ளை எதோடு வீடு திரும்பும் என்பதுதான் இன்றைய கவலை.

இதில் நம் நிலைப்பாடு தெளிவானது. கல்குளம் வட்டத்தின் சாதாரணக் குடும்பத்துக்கு முதல் விருப்பம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு இடமாகவோ அரசு உதவி பெறும் இடமாகவோ இருக்க வேண்டும். கடன் வாங்கிச் சேரும் தனியார் இடம் கடைசி விருப்பமாக இருக்கட்டும். அதே நேரம், அந்த முதல் விருப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் நிலையில் பெற்றோரை விட்டுவைத்திருப்பது அரசின் குற்றம். கணக்கு அதன் கையில் இருக்கிறது. திறந்து காட்ட வேண்டும்.

முதலில் கடன். 5 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறக்குறைய 8,300 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. முதல் வேலையில் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பிள்ளைக்குப் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். மிச்சத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். ரப்பர் பால் வடிக்கும் அப்பாவும் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போகும் அப்பாவும் பாங்கில் வைத்த நகையை மீட்க முடியாமல் தவிப்பது இப்படித்தான். கர்நாடகத்து நர்சிங் கல்லூரிகளில் இடம் வாங்கித் தருவதாக வீடு தேடி வரும் ஏஜென்ட் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார். பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்கு வர வேண்டியது வந்துவிடும்.

இதற்கு மாற்று இல்லாத ஊரில் நாம் வாழவில்லை. தக்கலையிலிருந்து பஸ் ஏறினால் நாகர்கோவில் கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும் அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளில் சேர ஆன்லைனில் விண்ணப்பிக்கும் செலவு, சென்ற ஆண்டுகளின் கணக்கில், 50 ரூபாய். 1893இல் தொடங்கிய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952இல் வந்த தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, மார்த்தாண்டத்தின் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, பக்கத்திலேயே திருவிதாங்கோட்டின் முஸ்லிம் கலைக் கல்லூரி என்று அரசு உதவி பெறும் கல்லூரிகளின் வரிசையும் நீண்டது. இந்த மாவட்டத்தின் ஆசிரியர்களிலும் அலுவலர்களிலும் பலரை உருவாக்கியவை இத்தகைய கல்லூரிகளே.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவருக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நகைக்கடன் கவுண்டரில் போய் நிற்பது நியாயமா?

உதவி பெறும் கல்லூரி என்றதும் மலிவு என்று நம்பிவிடவும் கூடாது. ஒரே வளாகம், ஒரே பெயர்ப் பலகை, உள்ளே இரண்டு விதமான வகுப்புகள். எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் அந்தச் சம்பளமும் மாணவர் கட்டும் பணத்திலிருந்து வருகிறது. கட்டணம் பல மடங்காகலாம். “எந்தக் கல்லூரி?” என்று ஊரில் விசாரிப்பவர்கள் “எந்தப் பிரிவு?” என்றும் விசாரிக்க வேண்டும். பணம் கட்டும் கவுண்டரில் போய் நின்ற பிறகு அது தெரிந்து பயனில்லை.

தரவரிசையிலும் இதே மயக்கம் உண்டு. மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென 2024இல் முதன்முறையாகத் தனிப்பட்டியல் வந்தபோது அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. கோவை பாரதியார் பல்கலைக்கழகம் எட்டாம் இடம். எல்லைக்கு அப்பால் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்பதாம் இடம். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கிண்டி வளாகத்தின் ஆய்வுக்கூடங்களும் பேராசிரியர்களும் சேர்த்துத் தந்த புகழ், அதே பல்கலைக்கழகத்தின் பட்டம் தரும் நூற்றுக்கணக்கான இணைவுக் கல்லூரிகளுக்குத் தானாக வந்துவிடாது. பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயர் ஒன்றாக இருக்கலாம். பாடம் நடத்துபவர் யார் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான்கு எண்கள் போதும். ஒன்று, சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள்? இரண்டு, பிள்ளை சேரப் போகும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? மூன்று, முடித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் நடுச் சம்பளம் என்ன? நான்கு, பஸ், விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கடைசி ஆண்டு வரை மொத்தச் செலவு எவ்வளவு?

நடுச் சம்பளம் என்றால் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. ஃபிளெக்ஸில் வருவது வரிசையின் தலையில் நிற்பவரின் சம்பளம். நம் பிள்ளைக்கு எதிர்பார்க்கத் தக்கது நடுவில் நிற்பவரின் சம்பளம்.

இந்த எண்கள் ரகசியமும் இல்லை. தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் அனுமதிக்கப்பட்ட இடங்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றோர், வேலை பெற்றோர், நடுச் சம்பளம், மேற்படிப்புக்குச் சென்றோர் ஆகிய விவரங்களைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததைத் தன் இணையதளத்திலும் வைத்தாக வேண்டும். பிள்ளையின் கைபேசியிலேயே தேடிப் பார்த்துவிடலாம். பங்கேற்காத கல்லூரியிடம் ஏன் பங்கேற்கவில்லை என்று கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுதோறும் இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றவற்றோடு அப்படியே ஒப்பிட முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசுக் கல்லூரியில் ஆசிரியரே இல்லையே என்பார்கள் சிலர். அந்தக் குறையை நாம் மறைக்கப் போவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று வழிகாட்டியது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 2023இல் உயர்த்திய பிறகும் அவர்களுக்கு 25,000 ரூபாய்தான். முனைவர் பட்டம் முடித்தவரை அந்தச் சம்பளத்தில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு அவரிடம் தரத்தை எதிர்பார்க்கிறோம். மேல்மட்டத்திலும் நிலைமை நன்றாக இல்லை. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் சென்னை, பாரதியார், மதுரை காமராசர், அண்ணா பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் துணைவேந்தர் இல்லாமல் ஓடின. துணைவேந்தர் கையெழுத்துக்காகக் கோப்புகள் காத்துக் கிடந்தால், கடைசியில் காத்துக் கிடப்பது மாணவர்தான்.

இந்தக் குறைகளுக்கு மருந்து, அரசு இடத்தைக் கைவிட்டு ஓடுவது இல்லை. நடுத்தர வர்க்கம் ஒதுங்கிப் போன அரசுப் பள்ளிகளுக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைந்துபோனதை நாம் பார்த்தோம். கல்லூரியிலும் அதுவே நடந்தால் காலிப் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும்.

ஆகவே அரசிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும்: கணக்கை வெளியிட வேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் யார் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் விழுகிறது என்பது அரசுக்குத் தெரியும். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பில் யார் சேர்ந்தார், யார் பாதியில் நின்றார் என்பதும் அதனால் தெரிந்தாக வேண்டும். பெயர் விவரம் எதுவும் இல்லாமல், கல்லூரி வாரியாக, பாட வாரியாக, சேர்ந்தோரும் முடித்தோரும் எத்தனை பேர் என்று ஒரு பட்டியலைத் தமிழில், பிளஸ் டூ முடிவுக்கு முன்பே வெளியிடுவதில் என்ன தடை? அமெரிக்க அரசு 2015 முதல் ஒவ்வொரு கல்லூரியின் செலவையும் பட்டம் பெறுவோர் விகிதத்தையும் படித்தவர்களின் பிற்கால வருமானத்தையும் ஒரே இணையதளத்தில் வைத்திருக்கிறது. அந்த வசதி தக்கலைப் பெற்றோருக்கும் வேண்டும்.

இரண்டாவது, இங்குள்ள கலைக் கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இதில் முன்னே நடக்க வேண்டும். 1990இல் உருவான அந்தப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த தமிழறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் அபிஷேகப்பட்டி வளாகம் தக்கலையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். திருவனந்தபுரமோ அதில் பாதித் தூரம்தான். அங்கே 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி வெளியேறலாம் என்றாலும் நான்காம் ஆண்டின் செலவையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் எல்லை தாண்டுவதற்கு முன் அபிஷேகப்பட்டி தன் கல்லூரிகளின் தேர்ச்சியையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் எடுத்து வைக்கட்டும்.

மூன்றாவது, நிரந்தர ஆசிரியர் நியமனம். எண்களை வெளியிட்ட பிறகு அரசே இதைத் தள்ளிப்போட முடியாது. எந்தத் துறையில் ஆசிரியர் இல்லை, எந்தத் துறையில் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள் என்பதை ஊரே ஒரே பட்டியலில் பார்த்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனால் நான்கு கடை ஏறி விலை கேட்கிறோம். மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஒரு ஃபிளெக்ஸை நம்ப வேண்டாம். சேர்க்கைக்குப் போகும்போது இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியில் முன்பணம் கட்டாதீர்கள்.