விற்றுக் கொடுத்தவரே போட்டிக்கு வந்தார்!
ஜப்பான் "புலி" ஷூ கற்ற பாடம்

ஜப்பான் ஷூவை அமெரிக்காவில் விற்றுக் கொடுத்தார், ஒரு வாலிபர். பிறகு அவரே போட்டிக் கம்பெனி நடத்தினார். அந்தக் கம்பெனிதான் இன்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற "நைக்கி".

அவருக்குச் சரக்கு கொடுத்த ஜப்பான் கம்பெனி என்ன ஆயிற்று?

கடல் பிராணி காட்டிய வழி

இரண்டாவது உலகப் போரில் ஜப்பான் தோற்றது. இளைஞர்கள் திக்குத் தெரியாமல் திரிந்தார்கள். விளையாட்டு அவர்களை நல்வழிப்படுத்தும் என்று நம்பினார், கிஹாச்சிரோ ஒனிட்சுகா. 1949-ல் கோபே நகரில் ஷூ செய்யத் தொடங்கினார்.

கூடைப்பந்து ஆடுகிறவர்கள் சட்டென்று நிற்க வேண்டும். கால் வழுக்கக் கூடாது. என்ன செய்வது?

ஒரு நாள் அவருடைய உணவில் ஆக்டோபஸ் என்ற கடல் பிராணியின் துண்டு இருந்தது. அதன் கைகளில் உள்ள குழிகள் எதையும் கவ்விப் பிடிக்கும். அதே போன்ற குழிகளை ஷூவின் அடியில் அமைத்தார். ஷூ வழுக்கவில்லை, வியாபாரமும் வளர்ந்தது. ஷூவுக்கு "டைகர்" என்று பெயர். டைகர் என்றால் புலி.

கை நழுவிய அமெரிக்கா

1962-ல் பில் நைட் என்ற அமெரிக்க வாலிபர் கோபேக்கு வந்து ஒனிட்சுகா கம்பெனியாரைச் சந்தித்தார். 1964-ல் அவரும் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். "டைகர்" ஷூவை வரவழைத்து விற்றார்கள்.

ஷூ செய்தவர் ஜப்பானில் இருந்தார். வாங்கியவரின் விருப்பம் தெரிந்தவர் அமெரிக்காவில் இருந்தார். 1971-ல் உறவு முறிந்தது. "நைக்கி" பிறந்தது. வழக்கும் நடந்தது.

1977-ல் ஒனிட்சுகா கம்பெனி வேறு இரண்டு கம்பெனிகளுடன் சேர்ந்து "ஆசிக்ஸ்" ஆயிற்று. புலி முத்திரை ஒதுங்கிப் போயிற்று.

மறுபடியும் புலி

2002-ல் "ஒனிட்சுகா டைகர்" மறுபடியும் கடைக்கு வந்தது. 1960-களின் பழைய மாதிரிதான்! ஆனால் இப்போது அது ஓடுவதற்கு மட்டும் அல்ல, நாகரிகத்துக்காகவும் வாங்குகிறார்கள். 2003-ல் வந்த "கில் பில்" படத்தில் கதாநாயகி அணிந்த மஞ்சள் ஷூ இதுதான்.

2024-ல் சுமார் 9,500 கோடி யென்னுக்கு இந்த ஷூவும் உடைகளும் விற்றன. அதே ஆண்டில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ஷான்ஸ் எலிசே வீதியில் சொந்தக் கடை திறந்தார்கள்.

ஆபத்து எங்கே?

2024-ல் சுமார் 3 கோடியே 69 லட்சம் வெளிநாட்டினர் ஜப்பானுக்கு வந்தார்கள். யென்னின் மதிப்பு குறைந்திருந்ததால் அவர்களுக்கு எல்லாம் மலிவாக இருந்தது. ஷூவையும் வாங்கிப் போனார்கள்.

யென்னின் மதிப்பு ஏறினால் இந்த மலிவு போய்விடும். டோக்கியோவில் வாங்கியவர், தம் ஊர்க் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவாரா? அதுதான் கேள்வி. நாகரிகமும் நாளுக்கு நாள் மாறும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று புலி வேறொருவர் கடையில் இருந்தது. இன்று சொந்தக் கடையில் இருக்கிறது. வாங்க வருகிறவர் எதை எடுக்கிறார், எதைத் திருப்பி வைக்கிறார் என்பதை நேரில் பார்க்கலாம்.

சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவரின் முகமும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக் கடைக்கும் இதுதான். பெரிய கம்பெனிக்கும் இதுதான்.