முன்னோட்டப் பதிப்பில் வாழ்ந்துவிட முடியுமா?

வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளின் இலவச டெமோவையும் விலைக்கு வரும் முழுப் பதிப்பையும் ஒப்பிட்டு எழுதுவோர் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். டெமோவில் எத்தனை பாத்திரங்கள், முழுப் பதிப்பில் எத்தனை, எத்தனை உடைகள், எந்தப் பகுதிக்குப் பூட்டு என்பதே அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆயினும் கார்ப் பந்தயத்துக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் பொருந்தும் இந்த அளவுகோல், வீடு கட்டி, விதை விதைத்து, அண்டை வீட்டாரோடு பேசிப் பொழுது கழிக்கும் விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. பந்தயத்தின் ஒரு சுற்று அப்பந்தயத்தின் உண்மையான ஒரு துண்டு. குடிபுகுந்த முதல் ஒரு மணி நேரம் அவ்வூர் வாழ்க்கையின் துண்டு என்று எவரும் சொல்லத் துணியார்.

இது வெறும் ரசனைப் பூசலாக நிலப்பகுதியில் இருப்போர்க்குத் தோன்றலாம். அந்தமானில் வளர்ந்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது. சென்னையிலிருந்து கடலடியே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழைக்கப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர் இத்தீவுகளின் இணையம் முழுவதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. என் பள்ளி நாட்களில் சில ஜிகாபைட் அளவுள்ள விளையாட்டைப் பதிவிறக்குவது என்ற எண்ணமே எங்களுக்கு எழுந்ததில்லை. சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போய்த் திரும்பும் உறவினர் பென் டிரைவில் கொண்டுவந்தவையே எங்கள் நூலகம். அவற்றுள் பெரும்பாலானவை டெமோக்கள். சிறியவை, இலவசமானவை, இணையமின்றி இயங்குபவை. பூட்டிய கதவுகளுக்கு இப்பால் என்ன இருந்ததோ அதையே முழு விளையாட்டென்று கொண்டு மாதக்கணக்கில் ஆடினோம். ஆகவே டெமோவை இழித்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவே இயலாது என்பதே என் கேள்வி.

தெளிவான சான்று 'தி சிம்ஸ் 4'. 2014 ஆகஸ்டில், விளையாட்டு வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, மனிதரை உருவாக்கும் பகுதி மட்டும் தனியே இலவச டெமோவாகப் பொதுவில் விடப்பட்டது. முகத்தை இழுத்து வடிக்கலாம். உடலைப் பருக்கவும் மெலியவும் செய்யலாம். நடையையும் குரலின் ஏற்றத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆசை, குணம், பெயர் எல்லாம் சூட்டலாம். அதன்பின் அம்மனிதர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு வீடில்லை, பசியில்லை, பேச ஆளில்லை, மறுநாள் இல்லை. விளையாட்டு நிறுவனத்தின் நோக்கில் அது நல்ல வணிக உத்தி. நாம் வடித்த முகத்தை அப்படியே விட்டுவிட மனம் வராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அடுத்து வந்த முழுப் பதிப்பு முழுமையானதா? 2014 செப்டம்பரில் அது வெளிவந்தபோது அதில் நீச்சல் குளமும் இல்லை, நடைபழகும் பருவத்துக் குழந்தையும் இல்லை. தொட்டிலிலிருந்து இறங்கும் பிள்ளை நேரே பள்ளிப் பருவத்துக்குத் தாவிவிடும். நீச்சல் குளம் அவ்வாண்டு நவம்பரில் வந்தது. தளர்நடைப் பிள்ளை வருவதற்கு 2017 சனவரி ஆயிற்று. பின்னர் 2022 அக்டோபரில் அடிப்படை விளையாட்டே எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டது. அதன்மேல் விலைக்கு விற்கப்படும் விரிவாக்கப் பொதிகள் பதினைந்தைத் தாண்டிவிட்டன. நேற்றைய முழுப் பதிப்பு இன்றைய டெமோ ஆகிவிட்டது. பருவகாலம் வேண்டுமானால் தனி விலை. நாயும் பூனையும் வேண்டுமானால் தனி விலை. 2019-இல் வெளிவந்த பொதி ஒன்றின் பெயரே 'தீவு வாழ்க்கை' என்று பொருள்படும். கடற்கரையில் குப்பை அள்ளி, பவளப்பாறையைக் காத்து வாழும் வாழ்வு அதில் விற்பனைக்கு உள்ளது. இங்கே அது சம்பளமும் இன்றிக் கிடைக்கும் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தீவு என்றதும் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' நினைவுக்கு வராமல் இராது. 2020 மார்ச் 20 அன்று, உலகம் கதவடைத்துக்கொண்ட நாட்களில் வெளிவந்தது. ஆளில்லாத் தீவு ஒன்றுக்கு உல்லாசப் பயணத் திட்டம் எடுத்து நாம் குடியேறுகிறோம். 'ஆளில்லாத் தீவு' என்ற சொற்றொடரை எத்தயக்கமும் இன்றி உச்சரிப்பது அந்தமானில் வாழும் மொழியியல் மாணவருக்குக் கடினம். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கு எனக்கு வேண்டியது அவ்விளையாட்டின் கடிகாரம். அதில் ஓடுவது நம் சுவர்க் கடிகாரத்தின் நேரம். இரவில் கடை மூடும். பனி விழுவதைக் காண டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். (வட கோளம், தென் கோளம் என இரண்டே தெரிவுகள், மழைக்காலமும் மழையற்ற காலமும் மட்டுமே அறிந்த தீவுக்கு மூன்றாவது தெரிவு இல்லை.) ஒரு மணி நேர டெமோ என்னதான் தாராளமாக இருந்தாலும் டிசம்பரைக் காட்ட முடியாது. இவ்வகை விளையாட்டுகள் விற்பது திரும்ப வருதலை. நேற்று நட்ட செடி இன்று என்னவாயிற்று என்று பார்க்கப் போவதை. முதல் நாளில் எல்லாமே புதிது. புதுமை தீர்ந்தபின் என்ன எஞ்சுகிறது என்பதில்தான் இவ்விளையாட்டுகளின் தரம் இருக்கிறது. டெமோவோ இயல்பிலேயே புதுமையின் பகுதி. ஆகவே இவ்வகையில் டெமோ நன்றாயிருந்து முழுப் பதிப்பு சலிப்பூட்டுவதும், டெமோ மந்தமாயிருந்து முழுப் பதிப்பு ஆண்டுக்கணக்கில் நம்மைப் பிடித்து வைத்திருப்பதும் வியப்புக்குரியன அல்ல.

இங்குள்ள கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம், "அக்கா, இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே, டெமோ எதற்கு?" என்று கேட்டார். 2015 முதல் ஸ்டீம் தளத்தில் இருக்கும் விதியைத்தான் அவர் சொன்னார்: வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்கு மேற்படாமல் இருந்தால் பணம் திரும்பும். கையில் பணம் குறைவாக உள்ள மாணவர் அவ்வழியைக் கருதுவதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் அவ்விதி யாரைக் காக்கிறது, யாரைக் காக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க 'வெண்பா' உதவும். டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு ஆக்கி 2023 சூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு அது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. தாயின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் செய்வதே ஆட்டம். 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மணி விதியின்கீழ், இறுதிக் காட்சி வரை கண்டு கண்ணீர் துடைத்துவிட்டுப் பணத்தையும் திரும்பப் பெற முடியும்!

"இது முழு விளையாட்டா, டெமோவா?" என்னும் முணுமுணுப்பு 'வெண்பா'வைப் பற்றியும் எழுந்தது; கொடுத்த பணத்தை மணி நேரத்தால் வகுத்துப் பார்ப்போர் எங்கும் உள்ளனர். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. நூறு மணி நேரம் ஆடினாலும் 'தி சிம்ஸ் 4'-இல் நம் மனிதர் தம் தாயின் மொழியை இழப்பதில்லை. அங்கு எவருக்கும் தாய்மொழி இல்லை. எல்லோரும் பேசுவது சிம்லிஷ் எனப்படும் பொருளற்ற ஒலிக்கோவை. எந்நாட்டார்க்கும் அந்நியமாகாதிருக்க அதைவிடத் தோதான உத்தி இல்லை என்பதை ஒப்புகிறேன். 'வெண்பா'வில் ஆண்டுகள் கடக்கின்றன. மகனின் தமிழ் தேய்கிறது. தாய் தனித்துப் போகிறாள். ஒன்றரை மணி நேரத்தில் முப்பது ஆண்டுகள் எப்படி அடங்கின என்று கேட்பதே பொருத்தமான கேள்வி. காலத்தைச் சுருக்கத் தெரிந்த படைப்பு சிறியதாயினும் முழுப் பதிப்பே.

தமிழுக்கு இவ்வகை ஆட்டம் புதிதன்று. சிறுமியர் மணலில் வீடு கட்டி, சிறுசோறு ஆக்கி, விருந்தோம்பும் பாவனைக்குச் சிற்றில் என்று பெயரிட்டுப் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே வைத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அது சிற்றில் சிதைத்தல். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் தம் மணல்வீட்டைக் குலைக்க வேண்டா என்று சிறுமியர் கண்ணனிடம் இறைஞ்சுவதாக அமைந்தது. வீடு அழிந்தால் ஏன் வலிக்கிறது? அதில் அவர்களின் பொழுது போயிருக்கிறது. டெமோவில் கட்டிய வீட்டை முழுப் பதிப்புக்குக் கொண்டுசெல்ல வழிவைக்காத நிறுவனங்கள் இப்பதிகத்தைப் படிக்கலாம்.

இனி என் துறைக்கு வருகிறேன். களப்பணிக்குச் செல்லும் மொழியியல் மாணவர் முதலில் கையில் எடுப்பது சொற்பட்டியல்: தலை, கை, நீர், நெருப்பு, ஒன்று, இரண்டு. அதுவும் ஒருவகை டெமோதான். அந்தமான் மொழிகளுக்கு எம்.வி. போர்ட்மன் 1887-இலேயே ஒரு கையேடு வெளியிட்டார். நூற்றாண்டுக்கு மேல் கழித்து அன்விதா அப்பி பேரந்தமானிய மொழியோடு நெடுங்காலம் உழைத்து 2013-இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டார். அதில் தெரியவரும் செய்தி இது. அம்மொழியில் உடலுறுப்புச் சொல் தனித்து நில்லாது. யாருடைய உறுப்பு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு, உடலைப் பகுதிகளாகப் பிரிக்கும் அப்பாகுபாடு பெயர்களைக் கடந்து வினைகளிலும் அடைகளிலும் பரவி, முழு இலக்கணத்தையும் ஊடுருவி நிற்கிறது. பட்டியலில் 'தலை' என்ற கட்டத்தை நிரப்பியவருக்கு ஒரு சொல் கிடைத்திருக்கும். அச்சொல்லின் முன்னே ஒட்டியிருந்த சிறு ஒலி ஓர் உலகப் பார்வையின் நுனி என்பது பட்டியலில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆண்டுகள் வேண்டும். அதைச் சொல்வதற்கு ஆட்களும் வேண்டும். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரி 26 அன்று மறைந்தார். விளையாட்டோடு இதை ஒப்பிடுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். நான் ஒப்பிடுவது மாதிரியெடுக்கும் முறையை மட்டுமே. தொடக்கத்தில் எளிதில் கிடைப்பதை வைத்து முழுமையை மதிப்பிடும் பழக்கம் நம் துறைக்கும் உண்டு. ஐந்து நாள் சுற்றுலாவில் செல்லுலார் சிறையும் ராதாநகர் கடற்கரையும் பார்த்துவிட்டு அந்தமானைப் பற்றி எழுதுவோருக்கும் உண்டு.

அப்படியானால் வாழ்க்கைப் பாவனை விளையாட்டின் டெமோ எவ்வாறு இருக்கலாம்? முதல் நாளைக் கொடுக்காமல் நடுவில் ஒரு நாளைக் கொடுக்கலாம். யாரோ மூன்று ஆண்டுகள் வாழ்ந்த பண்ணை, பாதி அறுத்த வயல், பழகிய அண்டை வீட்டார், முடியாத வேலைகள். குழப்பமாக இருக்கும், ஆயினும் பொய்யாக இராது. அதனுடன் சேமிப்பு முழுப் பதிப்புக்குக் கடத்தப்பட வேண்டும். இணையமின்றி இயங்க வேண்டும். கோப்பின் அளவு சிறிதாக இருக்க வேண்டும். வடம் வந்த பின்னும் எல்லாத் தீவுகளிலும் இணைப்பு ஒரு தரமாக இல்லை.

எஞ்சியிருப்பது மொழி. நான் பெயர் சொன்ன பெருநிறுவன விளையாட்டுகள் இரண்டிலும் டெமோவாயினும் முழுப் பதிப்பாயினும் தமிழ் இல்லை. இத்தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர், வங்காளமும் இந்தியும் அதற்கு மேல், அவற்றுக்கும் இடமில்லை. தனி ஒருவராக எரிக் பரோன் ஆக்கிய 'ஸ்டார்டியூ வேலி'யில் பயனர் தம் மொழியைத் தாமே சேர்த்துக்கொள்ளும் வழி இப்போது உண்டு. அதைத் தமிழாக்கினால் என்ன ஆகும் என்று சில நாட்களாக எண்ணி வருகிறேன். அங்கே ஒவ்வோர் ஊராருடனும் நட்பு இதயக் குறிகளால் அளக்கப்படுகிறது, பெரும்பாலோருக்குப் பத்து வரை. ஆங்கிலத்தில் முதல் வணக்கத்துக்கும் பத்தாம் இதயத்துக்கும் இடையே முன்னிலைச் சொல் மாறுவதில்லை. தமிழில் மாறியாக வேண்டும். கிழவர் முதல் நாளே 'நீ' என்பார். 'வாப்பா' என்றும் சொல்வார். ஒத்த வயதினர் 'நீங்கள்' என்று தொடங்கி எங்கோ ஓரிடத்தில் 'நீ'க்கு இறங்குவர். சிலர் இறங்கவே மாட்டார்கள். மருத்துவரை எவ்வளவு பழகினாலும் 'நீ' என்போமா? கடைக்காரர் எப்போது 'அண்ணா' ஆவார்? முதல் சில நாட்களை மட்டும் காட்டும் டெமோவில் ஒத்த வயதினரிடையே 'நீங்கள்' மட்டுமே இருக்கும்.

சமூகமொழியியல் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் வயதுக் குழுவில், இந்த இறக்கம் எத்தனையாவது இதயத்தில் நிகழும் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஆண்–ஆண், பெண்–பெண், ஆண்–பெண் எனப் பிரித்து எழுதினால் இன்னும் நல்லது.