டிவி கேம் செத்துப்போச்சா? முதல்ல அந்தக் குட்டி டப்பாவைப் பாருங்க!

பொங்கலுக்கு தளவாய்புரம் போனப்போ, சித்தப்பா வீட்டுப் பரண்ல எங்க பழைய டிவி கேம் கிடைச்சது. கூடவே மஞ்சள் கேசட், ஒயர் அறுந்த துப்பாக்கி, ‘டிவி / கேம்’னு எழுதின ஒரு ஸ்விட்ச் டப்பா. புது ஸ்மார்ட் டிவியில மாட்டினா, படமே வரலை. “அது செத்து ரொம்ப நாளாச்சு, எடைக்குப் போடுடா”ன்னார் சித்தப்பா.

இப்படி எடைக்குப் போற கேம் பெட்டிகள்ல பலது சாகவே இல்லை. 1983-ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் நம்ம ஊருக்கு வந்தது. உள்ளே பெரிதாகக் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. சிக்கல் பெரும்பாலும் நடுவுல இருக்கும் டப்பாவுலதான்.

அந்த டப்பாவுக்கு ஒரே வேலை. ஆன்டெனா, கேம் ரெண்டுல ஒண்ணை மட்டும் டிவிக்கு அனுப்பணும். வருஷக்கணக்கா பரண்ல கிடந்தா உள்ளே இருக்கும் தகடுல களிம்பு ஏறிடும். பவரை ஆஃப் பண்ணிட்டு, ஸ்விட்ச்சை இருபது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்க. பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும். அப்புறமும் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா, கேம் ஆன்ல இருக்கும்போதே டிவியில அனலாக் சேனல் தேடணும். டிஜிட்டல் மட்டும் தேடினா சிக்காது. படம் வந்து சத்தம் வரலையா? நம்ம ஊர் முறையில படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், சீன முறையில 6.5. மெனுவில் ‘பி.ஜி’ன்னு இருப்பதை ‘டி.கே’ ஆக்கிப் பாருங்க. கறுப்பு வெள்ளையாத் தெரிஞ்சா, கலர் சிஸ்டத்தை ‘ஆட்டோ’வில் வைங்க.

மஞ்சள், வெள்ளை ஒயர் மாட்டுற பட்டன் டப்பான்னா, ரெண்டு பட்டன் பாதி அழுந்தி நின்னாலே படம் கலங்கும். ஹெச்.டி.எம்.ஐ கன்வெர்ட்டர்தான் எனக்குப் பிடிக்காத ஆள். பழைய கேம் அனுப்புற 240 கோட்டுப் படத்தைச் சில கன்வெர்ட்டர் தப்பாப் புரிஞ்சுக்கும். படம் வந்தாலும், பட்டனை அழுத்தி ஒரு நொடி யோசிச்சுத்தான் மரியோ குதிப்பார்.

கடைசியில எங்களுக்குக் கைகொடுத்தது, நைட்டி தைக்கிற மெஷின் பக்கத்துல துணி மூடிக் கிடந்த இலவச டிவி. 2006-ல தி.மு.க அரசு ஆரம்பிச்ச திட்டத்துல வந்த 14 இன்ச் பெட்டி. ஸ்விட்ச்சைத் தள்ளித் தள்ளி, சேனல் தேடினதும் பளிச்னு படம்!

இதை எழுதுறதுக்குக் காரணமே அந்த டிவிதான். கேம் பெட்டியைப் பத்திரமா வெச்சுக்கிட்டு, பழைய டிவியை எடைக்குப் போட்டுடறோம். வாத்து சுடும் துப்பாக்கி குழாய் டிவியில மட்டும்தான் வேலை செய்யும். விசையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடத்துல ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த நொடியே அதைப் பார்க்கணும். எல்.இ.டி டிவி கொஞ்சம் தாமதமாக் காட்டுறதால, எப்படிக் குறிவெச்சாலும் வாத்து தப்பிச்சுடும்.

ஆனா ஒண்ணு, குழாய் டிவியோட பின்மூடியை மட்டும் நீங்களே கழட்டாதீங்க. ஆஃப் பண்ணின பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம்.

சித்தப்பா இப்போ எடைக்காரர்கிட்ட “டிவி கிடையாது”ன்னு சொல்லிட்டார். துப்பாக்கி ஒயரைப் பத்தவைக்க ராஜபாளையத்துல ஒரு கடையில குடுத்திருக்கேன்.