சைக்கிளில் ஏறுவதற்கும் சட்டம் வேண்டியிருக்கும் நாட்டில் 1200 கிலோமீட்டர்

பிரான்சில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற சைக்கிள் பயணம் நடக்கிறது. 1891இல் ஒரு பத்திரிகை நடத்திய பந்தயமாகத் தொடங்கியது. இன்று பந்தயம் இல்லை. பாரிசுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்ப வேண்டும். தூரம் 1200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதிகபட்ச நேரம் 90 மணி. தூக்கம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே வரும். கடைசியாக 2023இல் நடந்தது, அடுத்தது 2027இல். இந்தியாவிலிருந்தும் சில நூறு பேர் போகிறார்கள். போவதற்கு முன்னால் அதே ஆண்டில் உள்ளூரில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என நான்கு பயணங்களை நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் விடியற்காலையில் ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாகப் போகிறவர்களில் பலர் இதற்காகத்தான் போகிறார்கள்.

இதைப் பற்றி நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

முதலில், அந்த விளையாட்டின் விதிகள் நமக்குப் பிடித்திருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுவோம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 60 மணியில் வந்தவருக்கும் 89 மணியில் வந்தவருக்கும் ஒரே பதக்கம். பின்னால் கார் வைத்துக்கொண்டு வழியெல்லாம் உதவி வாங்கக் கூடாது; அவரவர் சுமையை அவரவரே தூக்க வேண்டும். மனித பலத்தால் ஓடுகிற எந்த வண்டியும் சரி. இரவுக்கு விளக்கும் ஒளிரும் சட்டையும் இருந்தால் போதும். 200 கிலோமீட்டரை முடிக்க பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். மணிக்கு பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவு. கேரியரில் பால் கேனோ காய்கறி மூட்டையோ கட்டிக்கொண்டு எங்கள் அப்பன்மார் தினமும் ஓட்டிய வேகம் அது. அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் விதிப்படி யாரும் தடுக்க முடியாது.

ஆனால் அங்கே ஓட்டிவிட்டு வந்தவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது நம் மனதில் நிற்பது வேகமும் தூரமும் இல்லை. வழியில் இருக்கிற பிரெட்டன் கிராமத்து மக்கள் நடு இரவிலும் வாசலில் மேசை போட்டுக் காத்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஆளுக்குத் தண்ணீர், காபி, தோசை மாதிரி அவர்கள் சுடுகிற க்ரெப் எல்லாம் காசில்லாமல் கொடுக்கிறார்கள். களைத்துப்போனவர் திண்ணையிலோ பேருந்து நிறுத்தத்திலோ ரோட்டோரப் புல்லிலோ படுத்துத் தூங்குகிறார். நீ யார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை.

இதை நம் ஊர்ச் சாலையில் வைத்துப் பாருங்கள். நகரத்திலிருந்து வரும் விலையுயர்ந்த சைக்கிளுக்கும் ஹெல்மெட்டுக்கும் இங்கேயும் மரியாதை உண்டு. டீக்கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போடுவார். அதே கடை முன்னால் இரவு இரண்டு மணிக்கு, பக்கத்துக் காலனிப் பையன் லுங்கியோடு பழைய சைக்கிளில் வந்து நின்றால் முதலில் வருவது கேள்வி. பதிலுக்கு முன்பே அடி விழுந்த கதைகளும் நம்மிடம் உண்டு. ஊர்த்தெரு வந்ததும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, தெரு முடிந்ததும் ஏறிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடுதான் இருக்கிறது. எல்லா ஊரிலும் அது முடிந்துபோன கதையும் இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 3(1)(za), பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாமலும், செருப்பு அணியவிடாமலும், புதுத்துணி உடுத்தவிடாமலும், திருமண ஊர்வலம் போகவிடாமலும் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து 'சைக்கிள்' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்திருக்கிறது, அதுவும் இந்த நூற்றாண்டில். நடக்காத குற்றத்துக்கு யாரும் பிரிவு எழுதுவதில்லை.

1200 கிலோமீட்டர் என்றதும் நமக்கு பாரிசுக்கு முன்னால் நினைவுக்கு வருவது தர்பங்கா. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவில் நாடு மூடப்பட்டது. நான்கு மணி நேர அவகாசம். அந்த மே மாதம் பீகாரைச் சேர்ந்த ஜோதி குமாரி பாஸ்வான், வயது 15, விபத்தில் அடிபட்டிருந்த ஆட்டோ ஓட்டுநரான அப்பாவைப் பழைய சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, குருகிராமிலிருந்து தர்பங்கா மாவட்டத்தில் உள்ள சொந்த ஊருக்குக் கிளம்பினார். வாடகை கொடுக்க வழியில்லை, ரயில் இல்லை, சாப்பாடு இல்லை. பத்து நாட்களுக்குள் ஊர் சேர்ந்தார். செய்திகள் சொன்ன தூரம் சுமார் 1200 கிலோமீட்டர்.

உடனே பாராட்டு மழை. அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்ப் ட்விட்டரில் இதை அன்பின், உறுதியின் சாதனை என்று புகழ்ந்தார். இந்திய சைக்கிள் கூட்டமைப்பு டெல்லிக்கு வந்து தகுதித் தேர்வில் கலந்துகொள்ளும்படி அழைத்தது. அடுத்த ஆண்டு பிரதமரின் பால் புரஸ்கார் விருதும் கிடைத்தது. ஜோதி என்ன சொன்னார்? முதலில் படிப்பை முடிக்க வேண்டும் என்றார். அந்த ஒரு பதிலில் இருந்த தெளிவு பாராட்டியவர்கள் யாரிடமும் இல்லை.

நம் கோபம் அந்தப் பாராட்டின் மேல்தான். தலித் சிறுமி ஒருத்தி பசியோடு, பயத்தோடு, வேறு வழியில்லாமல் மிதித்ததை 'எண்டூரன்ஸ்' என்று பெயர் மாற்றிவிட்டால், ரயிலை நிறுத்தியது யார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. பாரிஸ்–பிரெஸ்ட் போகிறவருக்குக் கையில் ஒரு அட்டை இருக்கிறது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் முத்திரை, கட்டில், சுடுசோறு. முடியவில்லை என்றால் ரயில் ஏறித் திரும்பிவிடலாம். விடுவதற்கு உரிமை இருப்பதால்தான் அது விளையாட்டு. ஜோதிக்கு அந்த உரிமை இருந்ததா? காலங்காலமாக நம்மைக் கல் சுமக்கவும் சாக்கடையில் இறங்கவும் வைத்துவிட்டு 'அவங்களுக்கு உடம்பு தாங்கும்' என்று சொன்ன வாய்தானே இப்போது டிவிட்டரிலும் பேசுகிறது!

அதற்காக சைக்கிளை அவர்களிடம் விட்டுவிடவும் முடியாது. 1983இல் கான்ஷிராம் டி.எஸ்.4 இயக்கத்தின் பெயரில் டெல்லியிலிருந்து சைக்கிள் பேரணி கிளம்பி ஏழு மாநிலங்களைச் சுற்றினார். பெரிய கட்சிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய ஊர்களுக்கு நம் ஆட்கள் மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு கால், இரண்டு சக்கரம். பெட்ரோல் போட முதலாளி தேவைப்படவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில், பகுஜன் சமாஜ் கட்சி தொடங்கப்பட்டது. நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்ற பெண்களும், அவர்களில் கல்குவாரியில் உடைத்த கைகளும், அந்த வரலாற்றில்தான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டமே 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகுதான் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்ததோடு அரசின் வேலை முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 200 கிலோமீட்டர் பயணம் என்று ஒன்று இருப்பதாவது தெரியும்? பாரிஸ் போக விமானச் செலவும் விசாவும் சேர்ந்து லட்சங்களில் வரும், அதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூலியை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டுவதே நம் வீட்டில் செலவுதான்.

ஆகவே நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணத்தையும் விளக்கு, ஹெல்மெட்டையும் விளையாட்டுத் துறை ஏற்கட்டும். அந்த ஒரு நாள் சாப்பாட்டுக்கும் பொறுப்பு எடுக்கட்டும். சைக்கிள் கிளப் நடத்தும் நண்பர்களிடம் ஒன்று. உங்கள் பயணங்களில் வழியில் ஏதாவது ஒரு டீக்கடையில் பில் வாங்கி வந்து காட்டினால் அதுவே சாவடி முத்திரை. அடுத்த முறை பாதை போடும்போது அந்தக் கடை காலனிக்குள் இருக்கட்டும். அங்கேயும் டீ நன்றாகவே போடுவார்கள், பில் எழுதிக் கொடுக்கவும் தெரியும். திரும்பும்போது காலனிப் பிள்ளைகள் நான்கு பேர் உங்களோடு சேர்ந்து ஊர்த்தெரு வழியாக ஓட்டி வரட்டும், இறங்காமல்.