வயலை விற்குமுன் ஆராய்க!

முன்னிற்குஞ்சுரப்பியிற் புற்றுநோய், அதுவும் ஆபத்து மிகுந்த வகை என்று வைத்தியர் கூறியதும், ஆரையம்பதியிற் பல குடும்பங்கள் முதலிற் கணக்கிடுவது படுவான்கரை வயலின் விலையையே. சென்னை சென்று புரோத்தன் கதிர்ச் சிகிச்சை பெற்றாற் பிழைக்கலாம் என்று எவரேனும் சொல்லிவிடுகின்றனர். இந்நம்பிக்கைக்குச் சான்று யாது? விருப்பு வெறுப்பின்றி ஆராய்வது நம் கடன்.

புரோத்தன் சிகிச்சை பொய்யன்று. எக்ஸ்-கதிர் உடலை ஊடுருவி மறுபுறமுஞ் செல்கின்றது. புரோத்தனோ குறித்த ஆழத்தில் தன் ஆற்றலைச் சொரிந்து நின்றுவிடுகின்றது. 1946இல் அமெரிக்க விஞ்ஞானி றொபேட் வில்சன் இவ்வழியைக் காட்டினார். தென்னாசியாவின் முதல் நிலையத்தை 2019இல் அப்பலோ நிறுவனம் சென்னையில் திறந்தது. குழந்தைகளின் கட்டிகளுக்கும், மூளை, முள்ளந்தண்டு ஆகியவற்றை அடுத்த கட்டிகளுக்கும் இதன் பயன் பெரிது.

ஆனால் முன்னிற்குஞ்சுரப்பிக்கு? 2024இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 450 நோயாளரை இரு பிரிவாக்கி, புரோத்தனையும் நவீன எக்ஸ்-கதிரையும் ஒப்பிட்டது. குடல், சிறுநீர்த் தொல்லைகளிலோ நோய்க் கட்டுப்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் ஆபத்துக் குறைந்த, நடுத்தர நிலையினர். ஆபத்து மிகுந்தோரின் ஆயுளைப் புரோத்தன் கூடுதலாக நீட்டும் என்பதற்கோ இன்னும் நிரூபணமில்லை.

அவர்தம் ஆயுளை நீட்டும் என நிரூபிக்கப்பட்ட வழி வேறு. கதிர்ச் சிகிச்சையுடன் 3 ஆண்டுகள் ஆண் ஓமோனை அடக்கும் மருந்தும் கொடுத்தாற் பலர் பிழைக்கின்றனர் என்பதை 1997இல் ஐரோப்பிய ஆய்வு காட்டிற்று. இதற்குப் புரோத்தன் கருவி வேண்டியதில்லை; லினாக் எனப்படும் வழமையான கதிர் இயந்திரமும், ஊசி மருந்தும், தவறாத தவணையும் போதும்.

இங்கேதான் அரசின் கடமை எழுகின்றது. கதிர்ச் சிகிச்சை வாரத்திற்கு 5 நாள் வீதம் பல வாரம் நடைபெறுவது. 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மகரகமவில் இத்தனை நாள் தங்க ஏழை விவசாயியால் இயலுமா? இலவச வைத்தியம் பிச்சையன்று, உரிமை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனை முதல் பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். மக்கள் தம் பங்கைச் செய்வர். அரசு தன் பங்கைச் செய்யட்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் இயந்திரம் பழுதின்றியும், நிபுணர் பதவி வெற்றிடமின்றியும், மருந்து தட்டுப்பாடின்றியும் இருத்தல் வேண்டும். இதைக் கேட்பது எம்மவர் பிரதிநிதிகளின் முதற்பணி.

ஐம்பது கடந்த ஆடவர்க்கும் ஒரு சொல்: சிறுநீர் தடைப்பட்டாலோ குருதி கலந்தாலோ நாணி மறைக்காதீர், உடன் வைத்தியரை நாடுங்கள். வயலை விற்குமுன், உள்ளூரிற் கிடைக்கும் சிகிச்சையிலும் இது எவ்வளவு மேலானது என்று அவரிடமே கேளுங்கள். சான்றுடன் விடை வந்த பின் முடிவு செய்யுங்கள்.