முகவரி எங்கே?

சந்தையில் கத்தரிக்காய் விற்கும் மூதாட்டிக்கும் ஓர் இடம் உண்டு. காய் சொத்தை என்றால், அடுத்த வாரம் அதே மரத்தடியில் போய்க் கேட்கலாம். இணையதளத்தில் கடை விரித்திருக்கும் கனவான்களை எங்கே போய்க் கேட்பது?

கூலியில் மிச்சம் பிடித்து ஒரு தொழிலாளத் தோழர் மிக்சி வாங்குகிறார். பணம் நொடியில் போய்விடுகிறது. வந்த மிக்சியோ ஓடவில்லை. தளத்தைத் திறந்து பார்க்கிறார். படம் இருக்கிறது, விலை இருக்கிறது, தள்ளுபடி முழக்கம் இருக்கிறது. விற்றவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. ‘குறையை எழுதுக’ என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. எழுதுகிறார். கிணற்றில் போட்ட கல்!

இதைக் கேட்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது! இணையதளம் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, அடையாள எண், தொலைபேசி எண், மின்னஞ்சல், குறை கேட்கும் ஆளின் பெயர் அனைத்தையும் முகப்பிலேயே போட வேண்டும் என்கிறது, 2014-ஆம் ஆண்டுக் கம்பெனி விதிகளின் 26-ஆம் விதி. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. குறைதீர் அலுவலரின் பெயரும் பதவியும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பலருடைய சரக்கை விற்றுத் தரும் தளங்கள், அந்த விற்பனையாளர்களின் முகவரியையும் காட்ட வேண்டும்.

முகவரி என்ன, அலங்காரமா? இல்லை, சட்டம் பிடித்து நிறுத்தும் பிடி! வாங்கியவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் நோட்டீசை எந்த முகவரிக்கு அனுப்புவது? முகவரி இல்லையேல் அந்த உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானே!

சிறு வியாபாரிக்கு இது சுமை என்பார் சிலர். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் பெயர்ப்பலகை மாட்டவில்லையா? நாலு வரி எழுதுவதா சுமை? நாணயமாகத் தொழில் செய்பவருக்கு முகவரி பெருமை. மறைந்து நின்று பறிப்பவருக்குத்தான் அது சுமை.

தண்டனையையும் பாருங்கள். பதிவு அலுவலகம் பற்றிய கம்பெனிச் சட்டப் பிரிவை மீறினால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனால் எத்தனை நாள் மீறினாலும் ஒரு லட்சத்துக்கு மேல் இல்லை! கோடிகளில் புரளும் கம்பெனிக்கு இது யானைக்கு எறும்புக்கடி. உச்சவரம்பை உயர்த்த வேண்டும். ஏமாந்தவன் மனு எழுதும்வரை காத்திராமல், அதிகாரிகள் தாமே தளங்களைத் திறந்து பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தோழர்களே! பணம் கட்டுமுன் தளத்தில் பெயரும் ஊரும் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ஆலை வாயிலிலும் படிப்பகத்திலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முகம் காட்ட மறுப்பவனுக்குப் பணம் காட்டாதீர்!