பேரையூர்ப் பையனுக்கு எதற்கு விளையாட்டுக் கணினி?

மதுரையில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம் முடிந்து வாசலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு, எங்களில் ஒருவர் தம் அக்காள் மகனுக்குக் குறைந்த செலவில் ஒரு விளையாட்டுக் கணினியைப் பூட்டிக் கொடுத்த கதையில் வந்து நின்றது. நாங்கள் பெரிதும் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பேரையூர்ப் பையனுக்கு எதுக்குங்க கேமிங் கம்ப்யூட்டர்? கையில ஒரு நல்ல புத்தகத்தைக் கொடுங்க."

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நாங்களும் சிரித்துவைத்தோம். மூத்தவரிடம் வாசலில் நின்று வாதிடுவது முறையல்ல என்ற தயக்கம். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறோம்.

அவர் வாக்கியத்துக்குள் மூன்று தீர்ப்புகள் இருந்தன. விளையாட்டு வீண் என்பது ஒன்று. புத்தகமும் கணினியும் ஒன்றையொன்று விரட்டும் பகைவர்கள் என்பது இரண்டு. மூன்றாவது, அந்த ஊர்ப்பெயர். 'சென்னைப் பையனுக்கு எதற்கு' என்று அவர் கேட்டிருக்கமாட்டார். எங்களை உறுத்தியது அதுதான். ஆகவே அந்த ஊரிலிருந்தே தொடங்குகிறோம்.

1

மதுரையிலிருந்து தென்மேற்கே, திருமங்கலமும் டி.கல்லுப்பட்டியும் கடந்து, சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது பேரையூர். வட்டத் தலைநகரம், பேரூராட்சி. பையன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவன் தந்தைக்கு மானாவாரி நிலம், மக்காச்சோளம் போடுகிறவர். 2025 பிப்ரவரியில் சோளம் விற்ற பணத்தில் 15,000 ரூபாயை எடுத்துக்கொண்டு நகரத்துக் கடை ஒன்றுக்கு மகனை அழைத்துப் போனார். திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்த்து 'ஐ7 கேமிங் கம்ப்யூட்டர்' கிடைத்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே தேர்த் திருவிழாபோல வண்ண விளக்குகள்.

வீட்டுக்கு வந்த பிறகு, பையன் ஆசைப்பட்ட விளையாட்டுகளில் பாதி திறக்கவே மறுத்தன. எங்கள் நண்பர் ஊருக்குப் போயிருந்தபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: "ஐ-செவன்னு தானே மாமா சொன்னாங்க?"

பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐ7தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முதல் தலைமுறை ஐ7; 2009-இல் வெளிவந்த வகை. ஏவிஎக்ஸ் எனப்படும் கட்டளைத் தொகுதி 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் செயலிகளில் சேர்ந்தது. அது இல்லாத செயலியில் இன்றைய விளையாட்டுகள் பல தொடங்கவே தொடங்கா. பையனுக்கும் அந்தச் செயலிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மகனோடு பிறந்த சில்லு ஒன்றைப் புதியது என்று நம்பி, ஒரு வெள்ளாமைப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார் தந்தை.

இங்கே ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். உரத்திலோ விதையிலோ இப்படி ஏமாற்றப்பட்டிருந்தால் நாம் கட்டுரை எழுதியிருப்போம், கதைகூட எழுதியிருப்போம். விளையாட்டுக் கணினியில் ஏமாற்றப்பட்டதால் அது நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. வாங்கும் பொருளைப் பற்றிய அறிவு வாங்குகிறவனுக்கு எட்டாதபடி இருப்பதால்தான் இந்த வணிகம் நடக்கிறது. 'அவனுக்கு எதற்கு' என்று கேட்கும் நாமும் அந்த அறிவை அவனுக்கு எட்டவிடாத வேலியில் ஒரு முள்தான்.

2

அந்த மே மாதம் நாங்கள் செய்தது இவ்வளவே. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் துடைத்துச் சரிபார்த்து விற்கப்படுகின்றன. ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட, சாயம் மங்கிய கறுப்புப் பெட்டி ஒன்று 9,500 ரூபாய். இன்னொரு 8 ஜிபி ராம் குச்சி 1,200. யாரோ பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு 6,500. மின்சாரம் ஏறி இறங்கும் ஊர் என்பதால் யூபிஎஸ் 2,400. மொத்தம் 19,600 ரூபாய். திரையும் விசைப்பலகையும் பழைய வாங்கலில் மிஞ்சியவை. அதற்கு முந்தைய ஆண்டு அந்த வீட்டில் ஒரு கைப்பேசி 18,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டிருந்தது. எதற்கு என்று உறவினர் எவரும் கேட்கவில்லை.

பையன் பாயை விரித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே பூட்டினான். அதற்கு முன் ஒரு கணக்குப் போடவேண்டியிருந்தது. பெட்டியில் இருந்த எஸ்எம்பிஎஸ் 240 வாட் மட்டுமே. பெருநிறுவனங்களின் அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் மின்இணைப்பு முனைகள் அவர்களுக்கே உரிய அமைப்பில் இருக்கும். கடையில் கிடைக்கும் வேறொன்றை வாங்கி மாட்ட முடியாது. செயலிக்கு 65 வாட். தனி மின்கம்பி கேட்காமல் மதர்போர்டின் துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டுக்கு உச்சவரம்பு 75. இரண்டும் சேர்ந்து 140. மிச்சத்துக்கு நூறு வாட் இருக்கிறது, போதும். இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவனே எழுதிப் பார்த்தான். இயற்பியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த 'திறன்' என்ற சொல் அன்றுதான் அவனுக்குப் பொருளானது. வண்ண விளக்குப் பெட்டி இதைச் சொல்லித் தரவில்லை. உண்மையைச் சொன்னால், பள்ளியும் சொல்லித் தரவில்லை.

பிறகு உலகம் அந்தப் பெட்டிக்குள்ளும் வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 இவ்வகைச் செயலியை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பொறியைக் கிழடு என்று அறிவிப்பதற்கு ஓர் அறிவிப்பு போதும். பையன் லினக்ஸ் ஏற்றிக்கொண்டான். விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்னும் வழி 2018-லிருந்தே இருக்கிறது. எல்லாம் ஓடாது; வேலரண்ட் ஓடாது என்பது அவனுடைய தீராத குறை. ஆயினும் ஓர் இயங்குதளத்தை நீக்கி இன்னொன்றை அமர்த்தும் துணிவு பதினாறு வயதில் வந்துவிட்டது.

அதே ஆண்டின் இறுதியில் ராம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிச் சுருட்டத் தொடங்கியதன் விளைவு அது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கான தன் குருஷியல் வணிகத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நாங்கள் 1,200 ரூபாய்க்கு வாங்கிய குச்சி ஆண்டு முடிவதற்குள் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. எங்கோ ஒரு பேரியந்திரம் 'சிந்திப்பதற்காக' இங்கே ஒரு பையன் கற்பதற்கான விலை ஏறுகிறது. 'அவனுக்கு எதற்கு' என்ற கேள்வியைச் சந்தையும் தன் மொழியில் கேட்கத் தொடங்கிவிட்டது. மூத்த நண்பர் அந்தக் குரலோடு சேர வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

3

'கைப்பேசி இருக்கிறதே, அது போதாதா' என்பார்கள். எங்கள் தரப்பு இங்கேதான் கடுமையாகிறது. பையன்கள் விளையாடவா வேண்டாமா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில், கண்மாய்க் கரையில், தேநீர்க் கடை பெஞ்சில், எல்லா இடத்திலும் கைப்பேசியில் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டபோது அழுத பிள்ளைகளின் ஊர்களில் பேரையூரும் ஒன்று. எந்தப் பொறியில் விளையாடுகிறான் என்பதே கேள்வி.

கைப்பேசி மூடிய பெட்டி. அதில் பயன்படுத்துகிறவன் பயன்படுத்துகிறவனாகவே இருப்பான். பணம் வைத்து ஆடும் சூதுகள் தமிழ்க் குடும்பங்களைத் தின்றதும் அந்தச் சிறு திரை வழியாகத்தான். 2022-இல் தமிழகச் சட்டமன்றமும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அந்த மத்தியச் சட்டமே சூதையும் மின்விளையாட்டுப் போட்டியையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கிறது. நம் இலக்கியவாதிகளிடம் அந்தப் பிரிவினை இன்னும் வந்து சேரவில்லை.

விளையாட்டு ஓடும் கணினியில் எழுதலாம், வரையலாம், படம் தொகுக்கலாம், நிரல் எழுதலாம். அப்படியொரு கணினியை வேறு பெயரில் கேட்டிருந்தால் நாமே பாராட்டியிருப்போம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த வகையில் பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசுவோர் எங்கள் நண்பர்கள் அல்லர். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவிக்கப்பட்டதையும் வரவேற்கிறோம். ஆனால் பதினாறு வயதில் பள்ளியில் இருப்பவன் இந்த அறிவிப்பில் இல்லை. கல்லூரிக்குப் போகும்வரை அவன் கட்டைவிரலால்தான் உலகத்தைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டுமா?

4

இனிப் புத்தகம். பாடப்புத்தகத்துக்குள் நாவலை மறைத்து வைத்துப் படித்தவர்கள் நாம். 'கதைப் புத்தகம் படித்துக் கெட்டுப்போகிறான்' என்ற வசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த வசையை அப்படியே எடுத்து அடுத்த தலைமுறையின் மேல் எறிகிறோம், ஒரு சொல்லை மட்டும் மாற்றி.

'வெண்பா' என்ற விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்ட படிகளை ஊகித்து, இட்லியும் பிறவும் சமைக்க வேண்டும். ஆடுகிறவர் தவறு செய்து திருத்தியபடியே ஒரு தாயின் தனிமைக்குள் போகிறார். 2024-இல் பாஃப்டாவின் விளையாட்டு விருதுகளில் முதல் படைப்புக்கான பரிசைப் பெற்றது. அதை ஆட உயர்ந்த கணினி தேவையில்லை. பேரையூர்ப் பெட்டியில் நன்றாகவே ஓடும். புலம்பெயர் இலக்கியம் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தும் நம்மில் எத்தனைபேர் இதை ஆடிப் பார்த்தோம்?

கணினியும் இலக்கியமும் பகை என்போருக்கு மற்றொன்று. மதுரையின் பெயரையே தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. உலகின் பல மூலைகளில் தன்னார்வலர்கள் ஓய்வு நேரங்களில் கணினிமுன் அமர்ந்து தட்டச்சு செய்ததால்தான் சங்க நூல்கள் முதல் பாரதி வரை இன்று நம் திரையில் இலவசமாக விரிகின்றன. விசைப்பலகையில் விரல் ஓடக் கற்ற ஒருவர் அதை எதற்காகக் கற்றார் என்று நாம் விசாரித்ததில்லை. பலன் நம் கையில் இருக்கிறது.

5

ஜே.சி. குமரப்பாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொலம்பியாவில் படித்து, காந்தியோடு கிராமத் தொழில்களுக்காக உழைத்த அந்தப் பொருளியலாளர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். பேரையூருக்குப் பக்கத்து ஊர். 1960 ஜனவரி 30-இல் மறைந்தார். கணினி விளையாட்டை அவர் மெச்சியிருப்பார் என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்குத் துணிவில்லை. கடிந்துகொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு பொருளை வாங்குகிறவனுக்கு அது எங்கிருந்து வருகிறது, அதன் பின்னால் யாருடைய உழைப்பும் யாருடைய ஆதாயமும் இருக்கின்றன என்று அறியும் பொறுப்பு உண்டு என்பது அவர் விடாமல் சொன்னது. கழித்துக் கட்டியதை எடுத்துத் துடைத்து, தன் கையால் பூட்டி, பழுதானால் தானே திறந்து பார்க்கிற பையன் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்திலாவது நிற்கிறான். பளபளக்கும் பெட்டியைத் தவணையில் வாங்கி, இரண்டாண்டில் தூக்கிப்போடும் நகரத்தார் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

6

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கண் கெடும், தூக்கம் கெடும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. அந்த வீட்டில் இரவு பத்தரைக்கு யூபிஎஸ் சுவிட்சை அணைக்கும் அதிகாரம் அக்காளிடம் இருக்கிறது. அவர் அதை இரக்கமின்றிப் பயன்படுத்துகிறார். சில வாரங்கள் அவன் புத்தகம் எதையும் தொடவில்லை என்பதும் உண்மை. அது எங்களுக்கும் வருத்தமே.

எங்கள் மேலேயே ஒரு குற்றச்சாட்டும் உண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் 'பையன், பையன்' என்றே எழுதியிருக்கிறோம். அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கை இருந்தாள். உனக்கு வேண்டுமா என்று அவளை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அண்ணன் டியூஷனுக்குப் போகும் மாலைகளில் அவள் அதே பெட்டியின்முன் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்யத் தானாகவே பழகியிருக்கிறாள் என்பது பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. 'பேரையூர்ப் பையனுக்கு எதற்கு' என்ற கேள்விக்குக் கோபப்பட்ட நாங்கள், அந்தப் பெண்ணின் விஷயத்தில் அதே கேள்வியை வாய் திறக்காமலே கேட்டிருக்கிறோம்.

மூத்த நண்பருக்கு எங்கள் பதில் சுருக்கமானது. புத்தகத்தை நீங்கள் கொடுங்கள் ஐயா. தேர்ந்த கை உங்களுடையது. எதைக் கொடுத்தாலும் இரண்டாகக் கொடுங்கள், அவளுக்கும் சேர்த்து. கணினி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.